பன்னிரண்டு மணி நேரம் யார் பொறுப்பது?

தலைப்பிரசவம். டாக்டர் குறித்த தேதி வந்துவிட்டது, வலியைத்தான் காணோம். ‘ஊசி போட்டு வரவெச்சிடலாமே’ என்கிறார் மாமியார். ‘ஊசி போட்டா ஆபரேஷன்லதான் முடியும்’ என்கிறார் அம்மா. நீங்கள் யார் கட்சி?

டாக்டர்களிலும் பலர் ரொம்ப நாள் அம்மா கட்சிதான். 2018இல் வெளியான ‘அரைவ்’ என்ற அமெரிக்க ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. 41 ஆஸ்பத்திரிகள், சிக்கலில்லாத 6,106 தலைப்பிரசவங்கள். 39ஆவது வாரத்திலேயே வலியைத் தூண்டியவர்களில் சிசேரியன் 18.6 சதவிகிதம், காத்திருந்தவர்களில் 22.2.

மாமியார் ஜெயித்துவிட்டாரா? பொறுங்கள். பி.காம். படித்தவனுக்கு முதலில் செலவுப் பக்கம்தான் கண்ணில் படும். தூண்டப்பட்டவர்களில் பாதிப் பேர் பிரசவ வார்டில் 20 மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 14. கர்ப்பப்பை வாயை இளக்கி, பனிக்குடம் உடைத்து, டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் குறைந்தது 12 மணி நேரம் பார்க்காமல் ‘தோல்வி’ என்று முடிவு கட்டாதீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 18.6இல் இந்தப் பொறுமைக்கும் பங்குண்டு என்பேன்.

இப்போது புதுக்கோட்டைக்கு வாருங்கள். 2017இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மணமேல்குடியிலிருந்து அங்கே போக 60 கிலோமீட்டருக்கு மேல். நடுராத்திரி வலியெடுத்து 108க்குக் காத்திருப்பதைவிட, நாள் குறித்து அட்மிட் ஆவது நிம்மதிதான். மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாக ஆறு மணி நேரம் ஒரு கட்டில் வேண்டும், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு நர்ஸ் வேண்டும். வார்டு நிரம்பி வழியும் நாளில் 12 மணி நேரம் யார் பொறுப்பார்கள்? ஏற்கெனவே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 சிசேரியன் (2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு). தனியாரில் 64! அதற்குக் கட்டில் பற்றாக்குறை காரணமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வாரக் கணக்கும் இருக்கிறது. ஆய்வில் எல்லோருக்கும் முதல் ஐந்து மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதி செய்திருந்தார்கள். நாள் மறந்துபோய், எட்டாம் மாதம்தான் முதல் ஸ்கேன் என்றால், அந்த ‘39’ நிஜத்தில் 37ஆகவும் இருக்கலாம்.

சிக்கலில்லாத கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் தூண்ட வேண்டாம், 41 ஆனால் தூண்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு விதி வேறு. அங்கே டாக்டர் பேச்சைக் கேளுங்கள்.

மற்றவர்கள், ஊசிக்குக் கையை நீட்டுமுன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: ‘கர்ப்பப்பை வாய் இளகியிருக்கா டாக்டர்? வலி பிடிக்கலேன்னா எத்தனை மணி நேரம் பார்ப்பீங்க?’