கொடையும் உரிமையும்: ஓராண்டு வாழ்ந்த ஒரு கல்விக்கூடம்

கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் நீண்டு நிலைத்தவற்றையே பெரிதும் நோக்குவர். நூறாண்டு கண்ட கல்லூரிக்கு மலர் வெளியிட ஆளுண்டு. ஓராண்டில் மூடப்பட்ட பள்ளியை நினைப்பார் அரியர். ஆயினும் ஒரு சமுதாயம் கல்வியை எந்த அடித்தளத்தின்மேல் நிறுத்தியிருக்கின்றது என்பதை, நிலைத்தவற்றிலும் பார்க்க மறைந்தவையே சிலவேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 2000 செப்டெம்பரில் தொடங்கி, 2001 யூலையில் முதல் அணி மாணவரை வெளியனுப்பியதோடு முடிந்துபோன ஆர்ஸ்டிஜிட்டா பல்கலைக்கழகம் அத்தகைய ஒன்றாகும்.

மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பயின்று அங்கே கற்பித்தும் வந்த பிலிப் கிரீன்ஸ்பன் என்பார், 1997இல் நண்பர்களுடன் சேர்ந்து ஆர்ஸ்டிஜிட்டா என்னும் மென்பொருட் கொம்பனியை நிறுவினார். இணையத்தளங்களை இயக்கும் மென்பொருளை ஆக்கி, அதன் மூலநிரலை யாவரும் பார்க்கத் திறந்து வைத்த கொம்பனி அது. அதனைச் சார்ந்து எழுந்த அறநிலையமே இக்கல்விக்கூடத்தை நடத்திற்று. வேறு துறைகளிற் பட்டம் பெற்றோரைச் சேர்த்து, கணினி விஞ்ஞானத்தின் இளநிலைப் பாடநெறியை ஓராண்டிற் கற்பிப்பது அதன் நோக்கம். கல்விக் கட்டணம் இல்லை. ஒரு பாடத்தை முடித்தபின்பே அடுத்த பாடம். கணிதம், நிரலாக்கத்தின் கட்டமைப்பு, படிமுறைகள், தரவுத்தளம், கணிப்பின் கோட்பாடு, செயற்கை நுண்ணறிவு எனப் பாடங்கள் தொடர்ந்தன.

இப்பாடத்திட்டம் பாராட்டுக்குரியது. எந்த விசையை அழுத்தினால் எது நிகழும் என்று பழக்கிவிடுவதையே கணினிக் கல்வியென விற்கும் வகுப்புகள் நம் நகரங்களில் மலிந்துள்ளன. அத்தகைய பயிற்சி மென்பொருள் மாறியதும் பயனற்றுப் போகும். சிந்திக்கும் முறையைக் கற்றவனோ எந்த மாற்றத்தையும் எதிர்கொள்வான். கணினி விஞ்ஞானம் பிறவி மேதைகளின் தனியுடைமை என்னும் மயக்கத்தையும் இப்பள்ளி ஏற்கவில்லை. நல்லாசிரியரும் போதிய காலமும் கூடிப் பயிலும் சூழலும் வாய்த்தால், பிற துறையினரும் அதன் ஆழங்களைக் காணலாம் என்ற துணிவின்மேல் அது எழுந்தது. ஆசிரியராகிய நாம் இத்துணிவைப் போற்றுதல் வேண்டும்.

பின் ஏன் அது மறைந்தது? மாணவர் கற்க மறுக்கவில்லை. ஆசிரியர் கற்பிக்கத் தவறவுமில்லை. விடை வகுப்பறைக்கு வெளியே, பங்குச் சந்தையில் இருக்கின்றது. இணையக் கொம்பனிகளின் பங்குகளை வானளாவ உயர்த்திய நஸ்டாக் சுட்டெண் 2000 மார்ச் 10ஆம் நாள் உச்சத்தைத் தொட்டது. 2002 ஒக்டோபருக்குள் அதன் பெறுமதியில் முக்காற் பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று. சரிவு தொடங்கி ஆறு மாதங்களின் பின் திறக்கப்பட்டது இப்பள்ளி. கொம்பனிக்குள்ளே முதலீட்டாளருக்கும் நிறுவியோருக்கும் பிணக்கு முற்றியது, கிரீன்ஸ்பன் விலகினார், 2002இல் எஞ்சியதை ரெட் ஹாட் கொம்பனி வாங்கிக்கொண்டது. ஊற்று வற்றியதும் வாய்க்காலும் வறண்டது. இரண்டாம் அணி மாணவருக்கு இடமில்லாமற் போயிற்று.

ஓராண்டேனும் கொடுத்தது கொடைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரிவுரைகள் ஒளிப்பதிவு செய்யப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டமையும் உண்மை. 2001 ஏப்ரிலில் மசாசூசெட்ஸ் நிறுவனமும் தன் பாடங்களை இணையத்தில் யாவர்க்கும் திறந்துவைக்கப் போவதாக அறிவித்தது. அறிவு பொதுவுடைமையாவதை முற்போக்காளர் எவரும் வரவேற்பர். ஆயின் பதிவு செய்த விரிவுரை பள்ளிக்கு ஈடாகாது. ஐயம் கேட்டால் ஒளிநாடா விடை சொல்வதில்லை. ஆங்கிலம் அறியாதவனுக்கு அது பூட்டிய பெட்டி. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலையுச்சி ஏறிய பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாடே படித்தது. எவர்க்கும் திறந்த கதவென்றாலும், அதுவரை நடந்துசெல்லப் பாதை வேண்டாமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் அப்பள்ளி பிறந்த அதே 2000ஆம் ஆண்டில், கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க போன்றோர் பல்லாண்டுகளாக இட்ட அடித்தளத்தின் பயன் அது. 1987இல் அமைந்த கணினித் தொழினுட்ப நிறுவனமும் கணினி விஞ்ஞானத் துறையும் 2002இல் இணைந்து கணினிக் கற்கைகளுக்கான கல்லூரியாயின. இங்கே பெயர்கள் மாறின, நிறுவனங்கள் ஒன்றாயின, கல்வி அறுபடவில்லை. பொதுப் பல்கலைக்கழகம் என்னும் வேர் அதனைத் தாங்கிற்று.

இதனால் நாம் மனநிறைவு கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அவ்வெளிவாரிப் பட்டத்துக்குப் பரீட்சை நடத்தியது பல்கலைக்கழகம். வகுப்புகளையோ பெரும்பாலும் தனியார் நிலையங்கள் கட்டணத்துக்கு நடத்தின. வாசல் பொதுவாயினும் படிக்கட்டு விலைக்கு விடப்பட்டது. மாவனல்லையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களின் லயத்துப் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

கொடைக் கல்வியின் தன்மையைத் தோட்ட மக்கள் எவரினும் நன்கறிவர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுரிமையானபோதும், தோட்டப் பள்ளிகள் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! கொழுந்தும் பாலும் எடுக்கக் கைகள் வேண்டியிருந்த முதலாளிக்கு, அக்கைகள் ஏடு பிடிப்பதில் என்ன அக்கறை இருந்திருக்க முடியும்? கேம்பிரிட்ஜில் கொடுத்தவர் நல்லவர். இங்கே கொடுத்தவர் கணக்குப் பார்த்தவர். எனினும் பள்ளியின் ஆயுள் இரண்டிடத்தும் கொடுப்பவனின் ஐந்தொகையிலேயே தங்கியிருந்தது. தனிமனித நற்குணத்தால் தீரக்கூடிய குறையன்று இது.

இன்று நன்கொடைக் கணினிகள் தோட்டப் பாடசாலைகளுக்கு வருவதுண்டு. மாலையும் மேடையும் நிழற்படமும் உடன் வரும். பெறுவதில் இழுக்கில்லை. ஆனால் அதன்பின் கேட்கவேண்டிய கேள்விகள் உள்ளன. தமிழ்மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் எங்கே? பழுதுபட்ட கணினியைத் திருத்தப் பாடசாலைக்கு நிதி எங்கே? உயர்தரத்தில் அத்துறை பயில விரும்பும் மாணவி எத்தனை மைல் செல்லவேண்டும்? இவற்றுக்கு விடையளிக்கும் பொறுப்பு கொடையாளனுக்கு இல்லை, அரசுக்கு உண்டு.

ஆர்ஸ்டிஜிட்டாவின் பாடத்திட்டத்தை நாம் கடன் வாங்குவோம். அதன் பதிவுகளைத் தமிழில் விளக்குவோம். அதன் அடித்தளத்தை மட்டும் வாங்கவேண்டாம். அடுத்த ஆண்டும் வகுப்பு நடக்குமென்று நம்பிப் படிக்கும் உறுதியை மாணவனுக்கு உரிமை தரும். கொடையால் அதனைத் தர இயலாது. அவ்வுரிமைக்காகக் குரலெழுப்புவதும் ஆசிரியப் பணியின் ஒரு பகுதியே.