நிரந்தரக் கருத்தடை: யாருக்கு வசதி?

கருத்தடை அறுவை சிகிச்சை செய்வது ஒரே ஒரு வேலையைத்தான்: கரு உண்டாகும் வழியை அடைப்பது. பெண்ணுக்குக் கருக்குழாயும் ஆணுக்கு விந்துக்குழாயும் துண்டிக்கப்படுகின்றன. சூலகம், கர்ப்பப்பை, விரை எதிலும் கத்தி படுவதில்லை. ஆகவே மாதவிடாய் நிற்காது, ஹார்மோன் குறையாது, ஆண்மை போகாது. விந்தும் வழக்கம்போல வெளிவரும், அதில் விந்தணு மட்டும் இருக்காது. தமிழ்நாட்டில் ‘அவள் ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள்’ என்றால் எந்த ஆபரேஷன் என்று யாரும் கேட்பதில்லை. அதையே ‘அவன்’ என்று மாற்றிச் சொன்னால், ‘என்ன ஆச்சு, குடலிறக்கமா?’ என்ற கேள்வி வரும். இந்தச் சிகிச்சையின் சிக்கலில் பாதி இங்கேயே இருக்கிறது.

பிரசவமான ஏழு நாளுக்குள் செய்யும் முறைதான் தமிழ்நாட்டில் மிகப் பழக்கமானது. அப்போது கர்ப்பப்பை இன்னும் சுருங்காமல் தொப்புள் உயரத்தில் இருக்கும் என்பதால், தொப்புளுக்குக் கீழே ஒரு சிறு வெட்டு போதும். மருத்துவர் குழாயைக் கவ்வியால் வளையமாகத் தூக்கி, அடியில் கரையும் நூலால் கட்டி, வளையத்தின் மேற்பகுதியை நறுக்கி எடுக்கிறார். நூல் கரைந்ததும் இரு முனைகளும் தனித்தனியே விலகி மூடிக்கொள்கின்றன. 1930இல் வெளியான பொமராய் முறை இது, இன்றும் பெரிதாக மாறவில்லை. சிசேரியன் என்றால் வயிறு திறந்திருக்கும்போதே முடித்துவிடுவார்கள். லேப்ராஸ்கோப் முறையில் வெட்டுவதற்குப் பதிலாகக் குழாயை மடக்கி அதன்மேல் சிலிகோன் வளையம் மாட்டுவதும் உண்டு.

இதில் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பையை ஒட்டியுள்ள தசைநார் பார்வைக்குக் கருக்குழாய் போலவே இருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன், விரல்கள் விரிந்தாற்போன்ற அதன் நுனிவரை குழாயைத் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஏற்கெனவே ஏழு பிள்ளைகள் பெற்ற ஹரியானா பெண் ஒருவருக்கு வலப்பக்கக் குழாயில் மட்டும் அறுவை நடந்து, அவர் மறுபடி கருவுற்றார். அரசு இழப்பீடு தரவேண்டும் என்பதை 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அறுவை தோற்றதனாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது என 2005இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. இரண்டும் சரியே. ஒழுங்காகச் செய்த அறுவையும் சில சமயம் தோற்கும்.

ஆணுக்கான அறுவை இதைவிட எளிது. வயிற்றைத் திறக்கவோ ஆழ்ந்த மயக்கமோ தேவையில்லை. விரைப்பையின் தோலில் மரப்பு ஊசி போட்டு, தோலுக்குச் சற்றே அடியில் ஓடும் குழாயை வெளியே இழுத்துத் துண்டித்துக் கட்டினால் முடிந்தது. சீனாவின் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய முறையில் கத்தியும் கிடையாது, தையலும் கிடையாது. கூர்முனைக் கவ்வியால் ஒரு துளை போடுகிறார்கள், அவ்வளவே. ‘நவீன வாசக்டமி’ என்று சுகாதாரத் துறை சொல்வது இதைத்தான். ஒரே ஒரு நிபந்தனை: குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணு தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையும் வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் மனைவி கருவுறும்போது சந்தேகம் அவள்மேல் விழுகிறது. மருத்துவப் பிழை குடும்பச் சண்டையாக மாறுவது இப்படித்தான்.

பலன் என்று பார்த்தால் இரண்டுமே கெட்டியானவை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்குச் சுமார் 18 பேர் மறுபடி கருவுற்றனர். அப்படி உண்டான கருக்களில் மூன்றில் ஒரு பங்கு குழாயிலேயே தங்கியவை என்பதுதான் கவலைக்குரியது. ‘ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே’ என்று வயிற்றுவலியை அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். விந்துப் பரிசோதனையில் தேறிய ஆண்களிடம் தோல்வி இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவே. ஆபத்து, செலவு, தோல்வி என எதை வைத்து எடைபோட்டாலும் ஆணுக்கான அறுவையே மேல்.

நடைமுறையோ நேர் எதிர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் பெண் கருத்தடை அறுவையை நம்பியிருக்கின்றனர். ஆண் கருத்தடையின் பங்கு 0.3. தமிழ்நாட்டில் இந்த எண்கள் முறையே 57.8, 0.1.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களில் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ.கோபாலசாமி அறுவைக் கருத்தடையைத் தீவிரமாக ஆதரித்தார். அதை ஏற்கும் ஏழைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் தரகர்களுக்கும் பணம் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் இங்கேதான் வேர்விட்டது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் மாவட்ட ஆட்சியர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 63,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர். பணமும் பொருளும் கொடுத்துத்தான், ஆனாலும் வந்தார்கள். பிறகு நெருக்கடி நிலை. 1976-77இல் நடந்த சுமார் 82 லட்சம் அறுவைகளில் 62 லட்சம் ஆண்களுக்கானவை. வட மாநிலங்களில் காவலர்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள், சான்றிதழ் இல்லாதவர்களுக்குச் சம்பளம் நின்றது. 1977 தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு மொத்த அறுவைகள் பத்து லட்சத்தையும் எட்டவில்லை. அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்ற பாடம் ‘கட்டாயப்படுத்தாதே’ என்பதல்ல, ‘ஆணைத் தொடாதே’ என்பது. திட்டம் அப்படியே பெண்கள் பக்கம் திரும்பியது. பிரசவத்துக்காக ஏற்கெனவே மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவளைத் தேடிப்போக வேண்டியதில்லை.

இலக்கு முறை 1996 ஏப்ரலில் காகிதத்தில் ஒழிந்தது. அதற்கு முன் கிராம சுகாதார செவிலியருக்கு ஆண்டுக்கு இத்தனை ‘கேஸ்’ என்று கணக்கு இருந்தது. அந்தச் சொல் இன்றும் வழக்கொழியவில்லை. எண்ணிக்கை மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். 2012 ஜனவரியில் பிகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். நாளொன்றுக்கு 30 என்பதே வரம்பு. அந்த வாரத்து முகாம்களுக்கு வந்த பெண்களில் 13 பேர் இறந்தனர். கிருமித் தொற்றா, கொடுத்த மாத்திரையில் நஞ்சா என்று விவாதம் நீண்டது. அராரியா தொடர்பாகத் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. அறுவைகள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே பிரசவத்தோடு நடக்கின்றன, பாதுகாப்பும் மேல். இங்கே குறை வேறிடத்தில் இருக்கிறது: சம்மதம் கேட்கப்படும் நேரத்தில். இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டு வந்த பெண்ணிடம் ‘ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா?’ என்று கேட்டால் அது கேள்வியே அல்ல. ஐந்தாம் மாதத்திலேயே, மற்ற வழிகளையும் சொல்லி, கேட்க வேண்டிய விஷயம் அது. கணவரின் சம்மதம் தேவையில்லை என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். நடைமுறையில் பல இடங்களில் கணவரோ மாமியாரோ தலையசைத்த பிறகே படிவம் நகர்கிறது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. இருபதுகளின் நடுவிலேயே அறுவையை முடித்துவிடுவது இங்கே சாதாரணம். மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில், முப்பது வயதுக்குள் செய்துகொண்டவர்களில் ஐவரில் ஒருவர் பதினான்கு ஆண்டுகளுக்குள் வருந்தினார். முப்பதைக் கடந்தவர்களில் அது ஆறு சதவீதம். பிள்ளை இறக்கலாம், மறுமணம் நடக்கலாம். 2004 சுனாமியில் பிள்ளைகளை மொத்தமாகப் பறிகொடுத்த தாய்மார் பலர் அறுவை செய்துகொண்டவர்கள். குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை அவர்களுக்கு இலவசமாகச் செய்துதர தமிழ்நாடு அரசு முன்வந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலருக்கு இல்லை. எஞ்சிய குழாயின் நீளம், பெண்ணின் வயது, முதல் அறுவையின் விதம் என்று பலவற்றைப் பொறுத்தது அது. அதை நம்பி முதல் அறுவைக்கு ஒப்புக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

ஊக்கத்தொகையின் முடிச்சும் எளிதில் அவிழ்வதல்ல. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொடங்கிய பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் பெற, ஆண் வாரிசு இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். நோக்கத்தில் குற்றம் காண முடியாது. ‘பெற்றோரில் ஒருவர்’ என்று விதி நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வாங்கப் படுப்பவர் அநேகமாகத் தாய்தான்.

இவ்வளவுக்கும், பிள்ளை போதும் என்று தீர்மானித்துவிட்ட, முப்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இது நல்ல தீர்வே. தினம் மாத்திரை விழுங்க வேண்டாம், கணவரின் ஒத்துழைப்பை எதிர்பார்க்க வேண்டாம். குடிக்கும் கணவரிடம் ஆணுறை பற்றிப் பேச முடியாத வீடுகளில் இந்தச் சுதந்திரம் சின்னதல்ல. இருபத்து நான்கு வயதில் நிற்பவளின் கணக்கு வேறு. காப்பர் டி 380ஏ பத்து ஆண்டு தாங்கும், வேண்டாமென்றால் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம், பலனிலும் அறுவைக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. அது காலாவதியாகும்போது அவளுக்கு முப்பத்து நான்கு. அப்போதும் அறுவைக்கு வழி திறந்தே இருக்கும்.

ஆண்களுக்காக ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவாரம் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் பேனர் கட்டுகிறார்கள். அந்த வாசலில் காலையில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும்தான்.