வாகூர்ச் செப்பேட்டில் மாணவன் எங்கே?

புதுவைக்குத் தெற்கே உள்ள வாகூரைக் கல்வி வரலாறு எழுதுவோர் எவரும் மறப்பதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்னும் சிற்றரசனின் வேண்டுகோளின்படி சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு வழங்கப்பட்டன. அதைக் கூறும் ஐந்து செப்பேடுகள் 1879-இல் வெளிப்பட்டன. அன்று தொட்டு, "பழந்தமிழகத்தின் பல்கலைக்கழகம்" என்று அதனைப் போற்றுவோர் பலர். அச்செப்பேட்டை ஓர் இலக்கியமாக எடைபோட்டவரோ சிலரே. அப்பணியை ஈண்டு மேற்கொள்கிறோம்.

வடமொழிச் செய்யுட் பகுதி சிறந்த கவிஞனின் கைவண்ணம். சிவனின் சடை கங்கையைத் தாங்குவது போல, வாகூர் வித்தகரின் இருக்கை கல்வியைத் தாங்குகிறது என்பது அதன் உவமை. பொங்கிவரும் வெள்ளத்தைத் தாங்கி அடக்கும் இடமே கல்விக்கூடம் என்ற கருத்து நம் நெஞ்சைத் தொடுகிறது. தமிழ்ப் பகுதி எல்லைகளையும் வரிவிலக்குகளையும் வரையறுக்கிறது. அரசன், கொடையாளி, கவிஞன், காஞ்சித் தட்டான் ஆகிய அனைவரும் அதில் இடம்பெறுகின்றனர். பயின்ற மாணவனை மட்டும் காணோம்! அவன் எத்தனை பேருள் ஒருவன், எதை உண்டான், எங்கே துயின்றான் என்பவற்றுக்கு விடையில்லை. உவமையின் ஒளியில் மாணவன் மறைந்துவிட்டான்.

அவனைக் காணக் கவிதையை விட்டுக் கணக்கிற்குச் செல்லவேண்டும். வில்லியனூருக்கு மேற்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி நிலம் ஒதுக்கியதைச் சொல்கிறது. அண்டை விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர் பயின்றனர். இளையோர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். காஞ்சிக்கு அருகே திருமுக்கூடலில், வீரராசேந்திரன் கல்வெட்டு இன்னும் நெருங்கி வருகிறது: மாணவர் படுக்கப் பாய், இரவு விளக்கிற்கு எண்ணெய், சனிக்கிழமை தோறும் தலைமுழுக எண்ணெய். உவமை ஒன்றுமில்லாத அந்த வறண்ட வரிகளில்தான், எண்ணெய் வழியும் தலையோடு ஓர் இளைஞன் நம்முன் நிற்கிறான். இலக்கியச் சுவையில் வாகூரே மேல். மனிதனைக் காட்டும் மெய்ம்மையில் திருமுக்கூடலே மேல் என்பது நம் தீர்ப்பு.

இக்கல்விக்கூடங்களின் வாயில் வேதியர்க்கே திறந்திருந்தது. வாகூரில் கற்பிக்கப்பட்ட பதினான்கு வித்தைகளில் தமிழிலக்கணத்திற்கு இடமில்லை. அவற்றைப் புரந்த நிலத்தை உழுதவனுக்கும் இடமில்லை. போற்றுவோர் இதனையும் சேர்த்தே எழுதுதல் நேர்மையாகும்.

திருமுக்கூடற் கல்வெட்டு எழுந்த அதே காலப்பகுதியில், 1067-இல், பகுதாதில் நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது. அதன் நிறுவனரான அமைச்சர் நிஜாமுல் முல்கின் புகழ் நூல்களில் நிறைந்துள்ளது. ஆயினும் அங்கே தாம் உதவித்தொகை பெற்றதையும், இரவும் பகலும் பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓதியதையும் ஷெய்கு ஸஅதி தம் "பூஸ்தான்" நூலில் தாமே சொல்லிவைத்தார். மாணவன் வாய்திறந்த அந்த ஓரிடம், கொடையாளரைப் பாடிய பல ஏடுகளுக்கு ஈடாகும்.

நம் கல்லூரிகளும் மதரஸாக்களும் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டுவோர் எதைக் காண்கின்றனர்? வாழ்த்துரைகள், புரவலர் படங்கள், கட்டட நிதிப் பட்டியல்கள். ஒருவன் ஓத மற்றவர் செவிமடுக்கும் இரவுத் தக்ரார் எப்படி நடந்தது, சுபுஹுக்கு எழுப்பியவர் யார், ஒரே கிதாபை எத்தனை பேர் பகிர்ந்து படித்தனர் என்பவை எழுதப்படாமலே ஓதியவர்களோடு மறைகின்றன. வாகூர் விட்ட குறையை நாமும் விடுகிறோம். முன்னாள் மாணவர்கள் எழுதுகோலை எடுக்கட்டும். கவிதை வராவிட்டால் பாயையும் எண்ணெயையும் எழுதட்டும். அதுவே வருங்காலத்தார்க்கு வரலாறு.