ஆட்டநாயகன் அடி வாங்கியவரே

எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திராவுக்குப் போகும் லாரியில் கனமான பெட்டியை ஏற்றும்போது, கீழ்ப்பக்கம் யார் நிற்பது என்பதுதான் முதல் கேள்வி. மேலே பிடித்திருப்பவனுக்குக் கை நழுவினால் கீழே நிற்பவன்தான் வாங்கிக் கட்டிக்கொள்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லோடு வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிதடி நகைச்சுவையிலும் கணக்கு இதேதான். பொருளைக் கைவிடுவதற்குப் பெரிய திறமை வேண்டாம். யார் வேண்டுமானாலும் கைவிடலாம். அதைத் தலையில் வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்பதில்தான் ஆட்டத்தின் வெற்றி தோல்வி இருக்கிறது.

2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலையே எடுத்துக்கொள்வோம். நழுவவிட்டவர் கிருஷ்ணமூர்த்தியாக நடித்த ரமேஷ் கண்ணா, வாங்கியவர் நேசமணியாக நடித்த வடிவேலு. படப்பிடிப்பில் விழுந்தது நிஜ இரும்பாக இருக்க வழியில்லை. ஆகவே அந்தச் சுத்தியலுக்கு எடை என்று ஒன்று இருந்தால், அதை உண்டாக்கியது வடிவேலுவின் கழுத்தும் முகமும்தான். அடி பட்ட மாத்திரத்தில் அவர் கத்தித் தீர்த்திருந்தால் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். அவர் முகமோ அடியை மெல்ல மெல்லத்தான் புரிந்துகொள்கிறது. பார்ப்பவருக்கு முதலில் தெரிந்து, பட்டவருக்கு அப்புறம் தெரிகிற அந்த ஒரு நொடியில்தான் தியேட்டர் வெடிக்கிறது. வேகப்பந்தைக் கடைசி நொடி வரை விட்டு ஆடுகிற பேட்ஸ்மேனின் பொறுமை அது.

உலகத் தரத்தில் வைத்துப் பார்க்க ஒரு குறும்படம் கைவசம் இருக்கிறது: லாரல், ஹார்டி ஜோடியின் ‘தி மியூசிக் பாக்ஸ்’. 1932-இல் ஹால் ரோச் தயாரித்து ஜேம்ஸ் பாரட் இயக்கியது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதை என்று பார்த்தால் ஒரு பியானோ பெட்டியை 133 படி ஏற்றி ஒரு வீட்டில் சேர்க்க வேண்டும், அவ்வளவே. நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கார் இதற்குத்தான் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் அதே படிகளில் 1927-இல் இதே ஜோடி ஒரு சலவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தது. ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்ற அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பியானோ படத்தில் பெட்டி சரிகிறது, ஹார்டியையும் இழுத்துக்கொண்டு அடி வரைக்கும் போகிறது. ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் ஹார்டியின் அந்தச் சலித்த பார்வைக்காகவே நாம் காத்திருக்கிறோம். இருவரும் ஒருவழியாக மேலே ஏறி முடித்ததும், பின்பக்கம் வண்டி வரப் பாதை இருந்ததே என்கிறார் தபால்காரர். உடனே பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்! வேலையில் இவ்வளவு சிரத்தை உள்ளவன் அடி வாங்கினால்தான் சிரிப்பு. ஏனோதானோ என்று இருப்பவன் விழுந்தால் யாருக்கு என்ன?

இதெல்லாம் எழுத்தும் எடிட்டிங்கும் செய்கிற வேலை, நடிகருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ இயக்குநர் சித்திக் அதே கதையை 1999-இல் மலையாளத்தில் எடுத்தவர். அங்கே நேசமணியின் இடத்தில் இருந்த பாத்திரம் ஜெகதி ஸ்ரீகுமாருடையது. எழுத்தே போதும் என்றால் தமிழில் யாரைப் போட்டிருந்தாலும் சரியாக வந்திருக்க வேண்டும். சுத்தியல் எப்போது விழ வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்யலாம். விழுந்த பிறகு அந்த முகத்தில் நடப்பதைக் கத்தரிக்கோலால் உண்டாக்க முடியாது. ‘காதலிக்க நேரமில்லை’யில் பேய்க்கதை சொல்பவர் நாகேஷ்தான். கதையைக் கேட்டு நடுங்கும் பாலையா இல்லாவிட்டால் அது வெறும் கதை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இயந்திரங்களுக்கு நடுவே ஆட்கள் நிற்கிற தொழிற்பேட்டையில் தலையில் சுத்தியல் விழுவது சிரிக்கிற விஷயமா? இல்லை. ஆனால் அடி யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். நேசமணி கூலியாள் அல்ல. காண்ட்ராக்டர், ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர். ஹார்டியும் ஜோடியில் மேஸ்திரி போல அதட்டுகிறவர்தான். சுத்தியல் மேலிருந்து விழுகிறது, அடியோ கீழிருந்து மேலே போகிறது. கவுண்டமணியிடம் வாங்கும் செந்தில் இதற்கு விதிவிலக்கு என்பீர்கள். ‘கரகாட்டக்கார’னில் வாழைப்பழக் கணக்கு தீர்ந்ததா? காசு கொடுத்த கவுண்டமணிக்குக் கடைசி வரை இரண்டாவது பழம் வரவில்லை. அங்கே தோற்றவர் அடித்தவர்.

2019 மே மாதக் கடைசியில், மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாட்களில், 18 வருஷத்துக்கு முன் விழுந்த சுத்தியலுக்காக இணையத்தில் ஊரே பிரார்த்தனை செய்தது. எல்லாரும் நலம் விசாரித்தது நேசமணியை; கிருஷ்ணமூர்த்தி எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. இந்தப் பத்தியின் தீர்ப்பும் அதுவே: ஆட்டநாயகன் நேசமணி. சுத்தியலை நழுவவிட்ட கிருஷ்ணமூர்த்திக்கு ஆறுதல் பரிசு.