ஒரே ஊர், மூன்று சிலுவைகள்

தென் இத்தாலியில் மத்தேரா என்று ஓர் ஊர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வீட்டின் மேல் வீடாக அடுக்கிய ஊர். ஒரே குகைக்குள் மனிதர்கள், கழுதை, கோழி எல்லாம் சேர்ந்து குடித்தனம் நடத்துவது தேசத்துக்கே அவமானம் என்று 1952-ல் இத்தாலிய அரசு தனிச் சட்டம் போட்டு ஜனங்களைக் காலி செய்ய வைத்தது. 1993-ல் அதே குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது அங்கே குகைக்குள் ஓட்டல் நடக்கிறது. ஏழை குடியிருந்தால் அவமானம், டூரிஸ்ட் வந்து தங்கினால் பாரம்பரியம்!

இந்த ஊரில் சினிமாவுக்காக இயேசுவைக் குறைந்தது மூன்று முறை சிலுவையில் அறைந்திருக்கிறார்கள். 1964-ல் ஒரு நாத்திகர், 2004-ல் ஒரு தீவிர பக்தர், 2020-ல் ஒரு நாடகக்காரர். மூன்று படங்களையும் அடுத்தடுத்து பார்த்தால், எந்தப் பிரசங்கத்திலும் கேட்காத ஒரு விஷயம் மெல்லப் பிடிபடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாத்திகர். பியர் பாவ்லோ பஸோலினி கவிஞர், மார்க்சியர். 'லா ரிக்கோத்தா' என்ற குறும்படத்தில் மதத்தை அவமதித்தார் என்று 1963-ல் கோர்ட் அவருக்கு நாலு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை விதித்தது. அப்பேர்ப்பட்ட ஆள் அடுத்த வருஷமே இயேசுவைப் பற்றிப் படம் எடுத்தார் என்றால் என்ன நினைப்பீர்கள்? வம்புக்குத்தான் என்று.

நடந்ததே வேறு. 1962 அக்டோபரில் அவர் அஸிஸி நகரத்தில் ஒரு கத்தோலிக்க அமைப்பின் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அன்றைக்குப் பார்த்து போப் இருபத்து மூன்றாம் ஜான் ஊருக்கு வருகிறார். தெரு முழுக்க நெரிசல், வெளியே போக முடியவில்லை. அறையில் கிடந்த சுவிசேஷத்தை எடுத்துப் புரட்டினார். மத்தேயுவை ஒரே மூச்சில் படித்து முடித்தபோது படம் தீர்மானமாகிவிட்டது. டிராபிக் ஜாமால் விளைந்த நன்மை என்று உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

'மத்தேயு எழுதிய சுவிசேஷம்' படத்தில் பஸோலினி வசனகர்த்தா வேலையே பார்க்கவில்லை. மத்தேயுவில் இருக்கும் பேச்சு மட்டும்தான், சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. முதல் காட்சியைக் கேளுங்கள். மரியாளின் முகம். பிறகு யோசேப்பின் முகம். மறுபடி மரியாள், இப்போது கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறார், வயிறு தெரிகிறது. யோசேப்பு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான். நம்மவர்கள் எடுத்திருந்தால் இந்த இடத்துக்கு நாலு பக்கம் வசனமும், பின்னணியில் இடியும் மின்னலும் வைத்திருப்பார்கள். இங்கே ஓர் ஏழைத் தச்சனின் சந்தேகம் வெறும் மூன்று முகங்களில் முடிந்துவிடுகிறது.

இயேசுவாக நடித்த என்ரிக் இராஸோகி 19 வயது ஸ்பானிய மாணவர். பிராங்கோவின் சர்வாதிகாரத்துக்கு எதிராக ஆதரவு திரட்ட இத்தாலி வந்தவரைப் பிடித்து நடிக்க வைத்தார். காலண்டர்களில் பார்க்கிற நீலக்கண், சுருள்முடி, சாந்தம் எல்லாம் இவரிடம் இல்லை. அடர்ந்த புருவம், அவசர நடை. ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டே திரும்பிப் பார்த்து உபதேசம் செய்கிறார். மலைப்பிரசங்கத்தில் முகம் மட்டும்தான். வெளிச்சம் மாறுகிறது, காற்று மாறுகிறது, முகம் பேசிக்கொண்டே இருக்கிறது. பணக்காரர்களைக் கண்டிக்கும் வார்த்தைகள் இத்தனை சூடாக இருந்தனவா என்று, கோவிலில் நூறு முறை கேட்டவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிலுவையடியில் நிற்கும் வயதான மரியாள், பஸோலினியின் சொந்தத் தாயார் சுசான்னா. அந்த அம்மாளின் இளைய மகன் கூய்தோ 1945-ல், போர் முடியும் தறுவாயில், கெரில்லாப் படையில் இருந்தபோது கொல்லப்பட்டவர். கிளிசரின் தேவைப்பட்டிருக்காது. 1975-ல் மூத்த மகன் பஸோலினியும் ரோமுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையோரம் கொலையுண்டு கிடந்தார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பது கஷ்டம்.

படத்தை அவர் காணிக்கையாக்கியது யாருக்குத் தெரியுமா? நெரிசலுக்குக் காரணமான அதே போப்புக்கு. அதற்குள் அவர் காலமாகியிருந்தார். கத்தோலிக்க சினிமா அமைப்பு வெனிஸில் இதற்கு விருது கொடுத்தது. 1995-ல் வாடிகன் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. 2014-ல் வாடிகனின் பத்திரிகையே, இயேசுவைப் பற்றி வந்ததில் இதுதான் தலைசிறந்தது என்று எழுதியது.

சரி, பக்தருக்கு வருவோம். மெல் கிப்ஸனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்'. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் சர்ச்சிலேயே பார்த்திருப்பீர்கள். சுமார் 3 கோடி டாலர் சொந்தப் பணத்தைப் போட்டு, யாருக்கும் புரியாத அராமிய, லத்தீன் மொழிகளில் எடுத்தார். ஹாலிவுட் தலையில் அடித்துக்கொண்டது. படம் 60 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது.

கிப்ஸனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சிலுவையோடு மகன் விழுகிறான். சின்ன வயதில் அவன் தடுக்கி விழுந்தது தாய்க்கு நினைவு வருகிறது. அன்றைக்கு ஓடியது போலவே இன்றைக்கும் ஓடுகிறாள். மாயா மார்கன்ஸ்டெர்ன் என்ற ருமேனிய நடிகை, அவரே யூதர், இந்த ஒரு காட்சியில் படத்தின் மொத்த ரத்தத்தையும் விட அதிகம் சாதித்துவிடுகிறார்.

ஆனால் அந்த ரத்தம்! மத்தேயுவில் சாட்டையடி அரை வரிகூட இல்லை. கிப்ஸனிடம் அது பல நிமிஷம் ஓடுகிறது. பிரம்பு, பிறகு முள் வைத்த சாட்டை, பிறகு சதை. இந்த விவரங்களில் நிறைய சுவிசேஷத்திலிருந்து வந்தவை அல்ல. ஆன் கேதரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி கண்ட காட்சிகளாகக் கவிஞர் பிரெண்டானோ தொகுத்து 1833-ல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தவை. நாத்திகர் வேதத்தைத் தாண்டி ஒரு வசனம் எழுதவில்லை, பக்தருக்கு வேதம் போதவில்லை. வேடிக்கைதான்.

'அவர் பட்ட பாட்டைக் காட்டினால் என்ன தப்பு? பார்த்து அழுதோமே!' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழுவது தப்பில்லை. அழுது முடித்ததும் யார்மேல் கோபம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

புனித வாரத்துப் பாஸ்கா நாடகங்களுக்கு ஐரோப்பாவில் ஓர் இருண்ட பக்கம் உண்டு. நாடகம் முடிந்து கிளம்பும் கூட்டம் யூதர் தெருவுக்குள் புகுந்துவிடும் என்று பயந்த காலங்கள் இருந்தன. இந்தப் பழியைக் கூட்டமே ஏற்றுக்கொள்வதாக மத்தேயுவில் வருகிற வாக்கியத்தை கிப்ஸன் சப்டைட்டிலில் மட்டும் எடுத்துவிட்டு, அராமியத்தில் அப்படியே ஒலிக்க விட்டார். பஸோலினி அந்த விசாரணையைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, முன்னாலிருப்பவர்களின் தலைகளுக்கிடையே எட்டிப் பார்த்துப் படமெடுக்கிறார். நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக, எதுவும் செய்யாமல் நிற்கிறோம். யாரையோ கைநீட்டிக் குற்றம் சொல்ல வழியில்லை. பெரிய வெள்ளி ஜெபத்திலிருந்து யூதர்களை இழிவாகச் சொன்ன வார்த்தையை 1959-ல் நீக்கியவர் யார் என்கிறீர்கள்? அதே இருபத்து மூன்றாம் ஜான்தான். இயேசுவின் மரணத்துக்கு யூத இனத்தையே பொறுப்பாக்கக் கூடாது என்று திருச்சபை 1965-ல் பிரகடனமும் செய்தது.

மூன்றாவது ஆள் மிலோ ராவ், ஸ்விஸ் நாடக இயக்குநர். 2019-ல் மத்தேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராகக் கொண்டாடப்பட்டபோது, அங்கே போய் 'புதிய சுவிசேஷம்' எடுத்தார். இன்றைக்கு இயேசு அந்தப் பக்கம் வந்தால் யாரோடு இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கி, அற்பக் கூலிக்குத் தக்காளி பறிப்பவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலர் படத்தில் சீடர்கள். இயேசு, ஈவான் சாக்னே. கேமரூனிலிருந்து இன்ஜினீயரிங் படிக்க வந்து, பணமில்லாமல் தக்காளி வயலுக்குப் போய், 2011-ல் அங்கே வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். 1964-ன் இயேசுவான இராஸோகி இதில் ஞானஸ்நானம் கொடுக்கும் யோவான். கிப்ஸனின் மரியாளே இதிலும் மரியாள். படம் வெனிஸில் திரையிடப்பட்ட அதே மாதம் இராஸோகி காலமானார்.

கலையாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் நொண்டுகிறது. பாதி டாக்குமெண்டரி, பாதி வேதாகமம். சில இடங்களில் துண்டுப் பிரசுரத்தைச் சத்தமாகப் படிப்பது போல இருக்கிறது. ஆனால் ஒரு காட்சி இருக்கிறது, அதற்காகவே பார்க்க வேண்டும்.

ஒரு தேவாலயத்துக்குள் நடிகர் தேர்வு நடக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் வருகிறார். கத்தோலிக்கர். இயேசுவை அடிக்கும் சிப்பாய் வேஷம் வேண்டும் என்கிறார். அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். சட்டையைக் கழற்றுகிறார். முன்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நாற்காலி. சாட்டையை ஓங்கி அதை விளாசுகிறார். அடிக்க அடிக்க வாயில் வசவு வருகிறது. ரோமானியச் சிப்பாயின் வசவு அல்ல. கறுப்பர்களைப் பற்றி இன்றைக்குத் தெருவில் கேட்கிற அதே வசவு. யாரும் எழுதிக் கொடுத்தது போல இல்லை, தானாக ஊறி வருகிறது. பக்கத்தில் பீடம், மேலே சிலுவை.

நம் ஊர்ப் பக்கமும் பாஸ்கா போடுவார்கள். இயேசு வேஷத்துக்கு யார் என்று ஊர் கூடித் தீர்மானிக்கும், அவர் விரதம் இருப்பார். சாட்டை பிடிப்பவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏதோ ஒரு முரட்டு ஆள் போதும் என்று விட்டுவிடுவோம். மத்தேராவின் மூன்று படங்களும் சேர்ந்து பிடிபட வைக்கிற விஷயம் இதுதான்: கவனிக்க வேண்டியது அந்த வேஷத்தை. கிப்ஸன் நம்மை அடிபடுபவர் பக்கம் உட்கார வைத்து, அழ வைத்து, நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பஸோலினி கூட்டத்தில் நிற்க வைக்கிறார். ராவ் சாட்டையைக் கையில் கொடுத்து, இப்போது என்ன பேசுவாய் என்று கேட்கிறார்.

விசுவாசம் இருப்பவர், இல்லாதவர் யாரானாலும், வருகிற புனித வாரத்தில் பஸோலினியைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை, கொஞ்சம் மெதுவாகப் போகும். மூன்று ராஜாக்கள் குழந்தையைப் பார்க்க வரும் இடத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பாடல் ஒன்று ஒலிக்கும். அடிமைகளின் காலத்துப் பாட்டு, தாயில்லாப் பிள்ளையின் புலம்பல். தாயின் மடியிலிருக்கும் குழந்தைக்கு அந்தப் பாட்டு எதற்கு என்று உடனே புரியாது. ராவின் படத்தில் தகரக் கொட்டகைகளைப் பார்க்கும்போது புரிந்துவிடும்.