பாப்பாரப்பட்டியைப் படிக்க முடிகிறதா?

கைப்பேசியில் ஃபான்ட் மாற்றுவது வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நாளெல்லாம் நம் கண் உழல்வது அந்த எழுத்தில்தான்.

சாம்சங்கில் டிஸ்பிளே அமைப்புக்குள்ளேயே இதற்கு இடமுண்டு. ஷாவ்மியில் தீம்ஸ் செயலி. மாற்றுவது சுலபம், ஏமாற்றம் பிறகுதான். இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்களில் பல ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டவை. அவற்றைப் போட்டால் ஆங்கிலம் நெளியும், தமிழ் அசையாது. ஃபான்ட்டில் இல்லாத எழுத்தை ஆண்ட்ராய்டு தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பல கைப்பேசிகளில் அது நோட்டோ சான்ஸ் தமிழ். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தருமபுரி மாவட்டத்துக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. தமிழ் ஃபான்ட் போட்டாலும் சொந்தக்காரர் அனுப்பிய தெலுங்குச் செய்தி வெறும் கட்டங்களாகிவிடாது.

பாமினி போன்ற பழைய ஃபான்ட் பக்கமே போக வேண்டாம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை அவை. யூனிகோடு ஃபான்ட்தான் வேண்டும்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கும் முக்த மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் மூன்றையும் மின்னூல் செயலியில் ஏற்றிப் பார்த்தேன். சோதனைக்கு எங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயர்களே போதும். ‘பாப்பாரப்பட்டி’யில் காலும் ரகரமும் ஒட்டி நிற்கின்றன, ‘காரிமங்கலம்’ அதே வகை. ரகரத்தின் கீழ்ச்சாய்வு தெளிவாக இல்லாத ஃபான்ட்டில் இரண்டும் குழம்பும். ‘நல்லம்பள்ளி’யில் புள்ளியைப் பாருங்கள்: சின்ன அளவில் அது மேல்வளைவோடு ஒட்டினால் அந்த ஃபான்ட் தேறாது.

முக்த மலர் எல்லாவற்றிலும் தேறியது. வெயிலில் திரையைச் சாய்த்துப் பார்த்தாலும் புள்ளி தெரிகிறது. ஏழு தடிமன்கள் இருப்பதால், கண் மங்கிய பெரியவர்களுக்குச் சற்றுத் தடித்ததைப் போட்டுக்கொடுக்கலாம். ஹிந்த் மதுரை ஒடுங்கிய, அடக்கமான எழுத்து. நீளமான செய்திக்கு நல்லது. கையெழுத்துபோல் சாய்ந்த கவிவனார் அழகு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது வாழ்த்து அட்டைக்கும் தலைப்புக்கும்தான். பத்தி பத்தியாகப் படிக்கக் கண் வலிக்கிறது.

ஐபோனில் 2019இன் ஐஓஎஸ் 13 முதல் வெளி ஃபான்ட்களைச் சேர்க்கலாம், ஆனால் அவற்றை ஏற்கும் செயலிகளுக்குள் மட்டுமே. மெனு எழுத்து மாறாது.

எண்களையும் மறக்காதீர்கள். தமிழ்ச் செய்தியிலும் 1, 7 வருவது பெரும்பாலும் நீங்கள் போட்ட ஃபான்ட்டின் ஆங்கிலப் பகுதியிலிருந்து. பாலக்கோடு சந்தையின் தக்காளி விலையை வாட்ஸ்அப்பில் பார்த்து வண்டி ஏற்றுகிறவர், 1ஐயும் 7ஐயும் குழப்பிவிடும் நெளிவெழுத்து ஃபான்ட்டைப் போடவே கூடாது.