தங்கலான்: ஆரத்தி இருக்கிறாள், பாறை எங்கே?

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) வட ஆற்காட்டு மக்கள் கோலார் பக்கம் தங்கம் தேடிப் போற கதை. மண்ணை அலசித் தங்கம் எடுப்பது கற்பனை இல்லை. 1802-லேயே ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கே கிராமத்து ஆட்கள் அப்படி எடுப்பதைப் பார்த்து எழுதியிருக்கார். படம் இந்த உழைப்பை மதிக்குது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனா தங்கம் அங்கே ஏன் இருக்கு? படத்தோட பதில், அதைக் காக்கும் ஆரத்தி. நிலவியலோட பதில், வெந்நீர்.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், கந்தகம் கலந்த கொதிநீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறியது. பாறை பிளக்கும்போது அழுத்தம் சட்டென்று குறையும். சுற்றியிருக்கும் ஆம்பிபோலைட் பாறையின் இரும்பு, நீரிலிருக்கும் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும். தங்கம் இனிக் கரைந்து நிற்க முடியாது, படிந்துவிடும். கூடவே சிலிக்கா வெள்ளைக் குவார்ட்ஸாக உறையும். மறுபடி பிளக்கும், மறுபடி படியும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் குவார்ட்ஸ் நரம்புகள் இப்படி வந்தவைதான்.

நம்ம பெருங்களத்தூர், பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் கருங்கல்லுக்கும் ஏறக்குறைய அதே வயசு. ஆனா அது மிக ஆழத்தில் நீர் வற்றி வெந்த பாறை. வயசு மட்டும் போதாது, தண்ணீரும் ஓடியிருக்கணும்.

சினிமாவுக்கு இதெல்லாம் எதுக்கு? நரம்பு மெலிசு, செங்குத்து. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், சுரங்கம் அதைத் துரத்தி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரியில் மூடும்வரை எடுத்தது சுமார் 800 டன். அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். தங்கத்தோடு உறைந்த அதே குவார்ட்ஸ், துளை போடும்போது தூசியாகி, தமிழ்த் தொழிலாளிகளின் நுரையீரலில் சிலிகோசிஸ் ஆனது.

படம் நடப்பது இந்த ஆழச் சுரங்கங்களுக்கு முந்தைய காலம். எல்லாத்தையும் காட்டச் சொல்லி நான் கேட்கல. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஆரத்தி நல்ல உருவகமும்கூட. ஆனா சாவுகளுக்குக் காரணம் மாயசக்தின்னு ஆகும்போது கணக்குக் கேட்க ஆள் இல்லாமப் போகுது. பாறைன்னா கேட்கலாம்: வெடிக்கும்னு தெரிஞ்சும் இன்னும் கீழே போகச் சொன்னது யாரு?